போர்வெல் மண்ணில் வயது பார்க்கும் முறை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) இறக்கியபோது, பத்தடிக்கு ஒரு பிடி மண்ணைச் சாக்கில் வரிசையாகக் கொட்டி வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கலையாத படிவில் அடியில் கிடப்பதுதான் மூத்தது. ஆனால் மேல்மண் சரிந்து கலக்கும். அதனால் களிக்கட்டியைப் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். எனக்குக் கறுத்த களிக்குள் ஒரு நத்தையின் ஓடும், நகக்கண் அளவு கரித்துண்டும் கிடைத்தன. கரியைக் கை படாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ஆய்வகத்தில் அதிலுள்ள கார்பன்-14 என்ற, மெல்லச் சிதையும் கதிரியக்கக் கார்பனை அளப்பார்கள். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகும், சுமார் 50,000 ஆண்டு வரைதான் உதவும். மணலுக்கு வேறு வழி: கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணக்கிடுவார்கள். அதற்குக் குழிச்சுவரில் வெளிச்சம் புகாத குழாயை அடித்து எடுக்க வேண்டும். அரியலூரில் அம்மோனைட் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரி) கிடைக்கும் பாறைக்கோ கார்பன் பயன்படாது, அது 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது, அங்கே புதைபடிவம்தான் காலம் சொல்லும்.