துவான்வு வருது, ஜோங்ஸி கட்டலாம் வாங்க

குவாங்சோவுக்கு புதுசா வேலைக்கு வந்தவங்களா நீங்க, அப்போ ஜூன் மாச லீவுக்கு ரூம்ல படுத்து தூங்கிடாதீங்க. சீனக் காலண்டர்ல அஞ்சாம் மாசம் அஞ்சாம் தேதி துவான்வு, அதான் டிராகன் படகுத் திருவிழா, 2026ல ஜூன் 19 வருது. கி.மு. 278ல சூ யுவான்ங்கிற கவிஞர் மிலுவோ ஆத்துல குதிச்சு உயிரை விட்டாராம், மீனுங்க அவர் உடம்பைத் தின்னுடக் கூடாதுன்னு ஜனங்க சோத்தை ஆத்துல போட்டாங்கன்னு கதை. அந்த சோறுதான் ஜோங்ஸிங்கிற இந்த இலைப் பொட்டலம்.

கடையில வாங்கித் திங்குறது பெரிய விஷயமில்ல, பக்கத்து வீட்டு ஆயிகிட்ட (இங்க அம்மா வயசுக்காரங்கள ஆயின்னுதான் கூப்பிடணும், நம்ம காதுக்கு கொஞ்சம் சிரிப்பா இருக்கும்) "நானும் கட்ட வரட்டுமா"ன்னு கேளுங்க. கையில கொஞ்சம் லிச்சிப் பழம் வாங்கிட்டு போங்க.

முந்தின நாள் ராத்திரி: நோமி அரிசி, அதாவது ஒட்டுற அரிசி, 1 கிலோ ஊறப் போடுங்க. கூடவே தோல் எடுத்த பாசிப்பருப்பு அரை கிலோ, ஆமாங்க நம்ம பொங்கலுக்குப் போடுறதேதான். பன்றிக்கறிய சோயா சாஸ், அஞ்சு மசாலா கலந்த சீனத் தூள் போட்டு பிரட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க, கறி வேணாம்னா காளானும் வேர்க்கடலையும் போதும். மூங்கில் இலைய கொதிக்க வச்சு கழுவி, காம்பை நறுக்கிடுங்க.

காலைல கட்டுற வேலை. ரெண்டு இலைய ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி வச்சு, நடுவுல மடிச்சு கூம்பு பண்ணுங்க, கடலை மடிக்கிற பொட்டலம் மாதிரி, ஆனா நுனியில ஓட்டை இருக்கவே கூடாது. உப்பும் எண்ணெயும் பிசிறின அரிசி ரெண்டு ஸ்பூன், மேல பருப்பு, கறி, உப்பு முட்டையோட மஞ்சக்கரு, திரும்ப பருப்பு, அரிசி. மீதி இலைய மேல மடிச்சு மூடி, ஊறவச்ச கோரைப்புல்லால சுத்திக் கட்டுங்க.

இங்கதான் நான் மாட்டினேன். மொத தடவை லூசா கட்டி, கொதிக்கும்போது பிரிஞ்சு பானை முழுக்க கஞ்சி, அடுத்ததுக்கு பயந்து இறுக்கிக் கட்டினா அரிசி உப்புறதுக்கு இடமில்லாம நடுவுல நறநறன்னு வேகாம கிடந்துச்சு. கட்டினப்புறம் அமுக்கிப் பாருங்க, லேசா அமுங்கணும், ஆனா அரிசி உள்ள உருளக் கூடாது.

அப்புறம் தண்ணி மேல நிக்கிற மாதிரி மூழ்க வச்சு மூணு மணி நேரம் வேகட்டும், தண்ணி வத்தினா சுடுதண்ணிதான் ஊத்தணும்.

வேகுற நேரத்துல குவாங்சோவுலயே இருக்குற செபெய் பக்கம் போய் படகு பாத்துட்டு வந்துடலாம், குடை மறக்காதீங்க, இந்த சீசன் மழைக்கு பேரே "டிராகன் படகு தண்ணி". வருஷம் பூரா சேத்துல புதைச்சு வச்ச படகைத் தோண்டி எடுத்து ஓட்டுறாங்க, கொட்டு சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும்.

திரும்பி வந்து பாத்தா நான் கட்டினதுக்கு மட்டும் ஆயி சிவப்பு நூல் கட்டி வச்சிருந்தாங்க. எதுக்குன்னு கேட்டேன், சொந்தக்காரங்களுக்கு தப்பா எடுத்துக் குடுத்துடக் கூடாதாம்.