மழைக்காலத்தில் சாக்ஸபோனும் தேனீப்பெட்டியும்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பேண்டில் வாசிக்கும் பலருக்கும் வேறு ஈடுபாடுகளும் உண்டு. சாக்ஸபோன் ஊதும் எனக்குத் தேனீ வளர்ப்பு. ரப்பர் துளிர்விடும் பிப்ரவரி, மார்ச்சில் தேன் வரத்து அதிகம். அப்போது தினம் 15 நிமிடம் நீண்ட சுரங்களை மட்டும் ஊதினால் போதும், உதட்டின் பிடி தளராது. மழைக்காலத்தில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துவிட்டால் மாலை முழுக்க வாசிப்புக்குத்தான்.

ஆனால் நம்மூருக்கு இரண்டு பருவமழையும் உண்டே! ஈரம்தான் சாக்ஸபோனுக்கு எதிரி. ரீட் என்பது வாய் வைத்து ஊதும் மவுத்பீஸில் பொருத்தும், ஒருவகை நாணலால் ஆன மெல்லிய பட்டை. வாசித்த ஈரத்தோடு மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். கழற்றி, பச்சைத் தண்ணீரில் அலசி, துடைத்து, தட்டையாக வைத்துக் காயவிடுங்கள். மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே கூடுதல் நாள் உழைக்கும். குழலுக்குள் துணியை இழுத்து ஈரத்தை எடுத்த பிறகே பெட்டியில் வையுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

குழலின் துளைகளை மூடும் மெத்தை போன்ற பேடு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் ஜி ஷார்ப் (G#) சுரத்துக்காக விரலால் அழுத்தும் சாவியில்தான். பசையில்லாத மெல்லிய காகிதத்தைப் பேடுக்கும் துளைக்கும் இடையில் வைத்து, பேடை மெதுவாக அழுத்துங்கள். பேடைத் திறந்த பிறகு காகிதத்தை எடுங்கள். பவுடர் போட வேண்டாம், பின்னால் அழுக்காகத் திரளும்.

தேனெடுத்த கையோடு கருவியைத் தொடாதீர்கள். டீ, பழம்பொரி சாப்பிட்டாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். சர்க்கரை உள்ளே போனால் பேடுகள் இன்னும் ஒட்டும்.