ஹாஃபிஸின் கசலைப் படிக்கும் முறை

பதினான்காம் நூற்றாண்டில் ஈரானின் ஷீராஸ் நகரில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ். ஈரடிகளால் ஆன பாவகை கசல். அவருடைய கசலில் முதலடியிலிருந்து கடைசிவரை ஒரு கதையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கசலைக் கட்டி நிறுத்துவது ஓசை. பொருள் ஈரடிக்கு ஈரடி தாவும். அதனால் ஓசையில் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு, அவருடைய கவிதைத் தொகுப்பான திவானின் கஸ்வீனி–கனீ பதிப்பில் (1941) மூன்றாம் கசலை எடுத்துக்கொள்ளுங்கள். 'அகர் ஆன் துர்கெ ஷீராஸீ' என்று தொடங்கும். முதல் ஈரடிக்கு மத்லா என்று பெயர். அதன் இரண்டு அடிகளுமே 'ரா' என்று முடியும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் சொல் ரதீஃப். அதற்கு முன் நிற்கும் மா, புகாரா, முஸல்லா, யக்மா ஆகியவை இயைபுச் சொற்கள், அதாவது காஃபியா. மத்லாவுக்குப் பின் ஒவ்வொரு ஈரடியிலும் இரண்டாம் அடியில் மட்டும் இந்த இயைபு வரும். இதைக் கோடிட்டுக்கொண்டால் கசலின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

அடுத்தது சந்தம். இங்கே அடிக்கு நான்கு 'மஃபாஈலுன்' என்ற பாரசீகச் சீர். நம் யாப்பில் சொன்னால் நிரை நேர் நேர், அதாவது நான்கு புளிமாங்காய்! அகர்-ஆன்-துர் / கெஷீ-ரா-ஸீ / பெதஸ்-தா-ரத் / தெலே-மா-ரா என்று கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். பலர் இடறுவது 'தெலே'யில்: எழுத்தில் குறுகிய அந்த எகரத்தை இங்கே நீட்டியே ஆக வேண்டும், இல்லையேல் சீர் குறைந்துவிடும்.

பிறகுதான் பொருள். அந்த ஷீராஸ் துருக்கியழகு என் மனத்தை ஏற்றால், அந்தக் கரிய மச்சத்துக்குச் சமர்கந்தையும் புகாராவையும் தருவேன் என்கிறது மத்லா. மச்சத்துக்கு வரும் அடை 'ஹிந்து'. கவிமரபில் அது கருமை. துருக்கியோ வெண்ணிற அழகு, கூடவே கொள்ளைக்காரன். மூன்றாம் ஈரடியில் துருக்கியர் கொள்ளையிடும் விருந்து வருவது இந்த இழையால்தான். நடுவே ஷீராஸின் ருக்னாபாத் நீர்க்கரை, அப்புறம் காதல் கதைமாந்தரான யூசுஃபும் ஸுலைகாவும். கதைத் தொடர்ச்சி இல்லை, சொற்களுக்குள் உறவு உண்டு. ஒவ்வொரு ஈரடியையும் தனியாக முடித்துவிட்டு, அதன் சொற்கள் வேறெங்கே எதிரொலிக்கின்றன என்று பாருங்கள்.

ஈஹாம் எனப்படும் இருபொருள்தான் ஹாஃபிஸின் உயிர்நாடி. முதலாம் கசலில் வரும் 'பூ' என்ற பாரசீகச் சொல்லுக்கு மணம், நம்பிக்கை என்று இரு பொருள். ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளிவிட்டால் அடி வற்றிப்போகும். மதுவும் அப்படியே. எங்கும் ஞானக்குறியீடு என்பதும், எங்கும் வெறும் சாராயம் என்பதும் ஒரே அளவுக்குத் தவறு. யார் பேசுகிறார், யாரைச் சாடுகிறார் என்று பாருங்கள். போலிப் பக்திக்கு எதிரே நிற்பவன் ரிந்த். எதிராளிகள் பக்தி வேடம் போடும் ஸாஹிதும், ஒழுக்கக் காவல் அதிகாரியான முஹ்தசிப்பும். 1350களில் ஷீராஸை ஆண்ட முபாரிஸுத்தீன் மதுக்கூடங்களை மூடவைத்ததை அறிந்தால், முஹ்தசிப் மீதான சீண்டலில் அரசியலும் தெரியும்.

இறுதி ஈரடியில் பெரும்பாலும் ஹாஃபிஸ் தன் பெயரைச் சொல்வார். நம் கசலில், முத்துத் துளைத்தாய் (அதாவது கவி புனைந்தாய்), வந்து இனிதாகப் பாடு, வானம் உன் கவிதைமேல் கார்த்திகை மீன்களின் மாலையைத் தூவும் என்று தன்னையே அழைக்கிறார். இடையிலுள்ள ஈரடிகளின் வரிசை சுவடிக்குச் சுவடி மாறும். வரிசையை வைத்துப் பெரிய வாதம் கட்டாதீர்கள்.

ஹாஃபிஸின் பெயரில் ஆங்கிலத்தில் உலவும் பல வரிகளுக்குப் பாரசீக மூலமே கிடையாது. பகிரும் முன் மூலத்தின் மத்லாவைக் கேளுங்கள். திவானில் கசல்கள் மத்லாவின் அடி முடியும் கடைசி எழுத்துப்படி அகரவரிசையில் இருப்பதால், மத்லா கையில் இருந்தால் தேடி எடுக்கச் சில நிமிடம் போதும்.