1850-க்கு முன்னாடி அமெரிக்க சென்சஸ்ல பேரைத் தேடாதீங்க, தலையை எண்ணுங்க

எங்க பொண்ணு கட்டிக்கிட்டது பென்சில்வேனியா பையனை. பேரன் பொறந்தப்புறம் சம்பந்தியம்மா, எங்க வம்சத்தையும் கொஞ்சம் தேடித் தாங்களேன், நீங்கதான் ரிட்டையர் ஆகிட்டீங்களேன்னாங்க. சும்மாதானே இருக்கேன்னு சொல்ற மாதிரி லேசா சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா ரெண்டு வருஷமா அதுலயே விழுந்து கிடக்கேன். அதுல கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன்.

மொதல்ல, பழசுலேந்து ஆரம்பிக்காதீங்க. அமெரிக்காவுல சென்சஸ் எடுத்து 72 வருஷம் ஆனாதான் பேர் விவரத்தை வெளியிடுவாங்க, அதனால இப்போதைக்கு கடைசியா பாக்க முடியறது 1950 சென்சஸ், 2022 ஏப்ரல்ல வந்துச்சு. அங்கேர்ந்து பத்துப் பத்து வருஷமா பின்னாடி நடந்து போகணும். ஃபேமிலி சர்ச்னு வம்சம் தேடற சைட்ல ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் போட்டா போதும், காசு கட்டுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். 1890 வரும்போது ஒரு பள்ளம் இருக்கும், 1921-ல வாஷிங்டன்ல ஒரு தீ விபத்து, அந்த வருஷத்து ஏடு கிட்டத்தட்ட முழுசும் போச்சு, 1900-லேந்து 1880-க்கு ஒரே தாவா தாவ வேண்டியதுதான். 1880-ல குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவுன்னே எழுதியிருக்கும். 1850-லேந்து 1870 வரைக்கும் உறவுக்குன்னு அந்த கட்டமே கிடையாது, ஒரு வீட்ல ஒரு பொம்பளை பேர் இருந்தா அது பொண்டாட்டியா தங்கச்சியான்னு நாமதான் யோசிக்கணும்.

வயசை அப்படியே நம்பிடாதீங்க. ஆபிரகாம் லிங்கன் வீட்டையே பாருங்களேன், ஸ்பிரிங்ஃபீல்டுல 1850 சென்சஸ்ல அவர் மனைவி மேரிக்கு 28, 1860-ல 35, பத்து வருஷத்துல ஏழு வயசுதான் ஏறியிருக்கு, நிஜத்துல அந்தம்மாவுக்கு அப்போ 41. லிங்கன் வீட்டுலயே இப்படின்னா நம்மாளுங்க வீட்டுல எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க.

இனிமேதான் விஷயமே. 1790-லேந்து 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1790-ல பேருக்குப் பக்கத்துல அஞ்சே அஞ்சு நம்பர்: 16 வயசும் அதுக்கு மேலயும் வெள்ளைக்கார ஆம்பளைங்க, 16-க்குக் கீழ உள்ளவங்க, வெள்ளைக்கார பொம்பளைங்க மொத்தமா, மத்த சுதந்திர மனுஷங்க, அடிமைங்க. அவ்ளோதான். அதனால இங்க செய்ய வேண்டியது ஒரு பேப்பர் எடுத்து 1850-ல பேரோட கிடைச்ச ஒவ்வொருத்தரையும் பின்னாடி தள்ளிப் பாக்கறதுதான். 1850-ல ஒருத்தருக்கு 52-னா 1840-ல அவர் நாற்பதுலேந்து ஐம்பதுக்குள்ள இருக்கற கட்டத்துல விழணும், 1830-ல முப்பதுலேந்து நாற்பது, 1820-ல 16-லேந்து 26, 1810-ல 10-லேந்து 16, 1800-ல பத்துக்குக் கீழ. இப்படி புள்ளைங்க, பொண்டாட்டி எல்லாருக்கும் போட்டு, அந்த கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) அதே பேர்ல இருக்கற மூணு நாலு வீட்ல எந்த வீடு பொருந்துதுன்னு பாருங்க. பேர் ஒண்ணா இருக்கேன்னு எடுத்தா வேற யாரோட தாத்தாவையோ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவீங்க.

1820-ல ஒரு பொறி இருக்கு. 16-லேந்து 18 வயசுப் பசங்களுக்குன்னு தனியா ஒரு கட்டம், ஆனா அதே பசங்களை 16-லேந்து 26 கட்டத்துலயும் திரும்ப எண்ணியிருப்பாங்க. கூட்டிப் பாத்தா வீட்ல ஒரு ஆள் அதிகமா வரும். நான் அந்த இல்லாத பையனை ஒரு வாரம் தேடினேன்.

பேரோட எழுத்தை நம்பவே கூடாது. கணக்கெடுக்க வந்தவங்க காதுல விழுந்ததை அப்படியே எழுதிட்டுப் போயிருக்காங்க, பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பம்னா ஷ்னைடர் ஸ்னைடர் ஆகியிருக்கும், ம்யூலர் மில்லர் ஆகியிருக்கும், சிம்மர்மன்னை அர்த்தம் பண்ணி கார்ப்பென்டர்னு மாத்திக்கிட்டவங்களும் உண்டு. இன்னொண்ணு, சீனியர் ஜூனியர்னு இருந்தா அப்பா மகன்னு முடிவு கட்டிடாதீங்க, நம்ம ஊர்ல பெரிய ராமசாமி சின்ன ராமசாமின்னு சொல்வோமே அந்த மாதிரி, ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர், சொந்தமே இல்லாமகூட இருக்கலாம்.

அப்புறம் ரெண்டாவது பக்கம். 1830, 1840 ரெண்டுலயும் ஒரு வீட்டோட வரி இடது பக்கத்துல ஆரம்பிச்சு அடுத்த பக்கத்துல தொடரும், ஸ்க்ரீன்ல அது சில சமயம் அடுத்த படமா வரும். இதைப் பாக்காம நான் ரொம்ப நாளை வீணாக்கினேன். மாப்பிள்ளையோட வழில ஒரு பெரிய தாத்தா, 1830-ல இருக்கார், 1840-ல காணோம், செத்துட்டார்னு எழுதி முடிச்சுட்டேன். ஒரு நாள் ராத்திரி அவர் மருமகன் வீட்டு வரியை திரும்ப எடுத்து அடுத்த படத்தை சும்மா க்ளிக் பண்ணா, அங்க அவர் பேர், பக்கத்துல வயசு 81. 1840-ல மட்டும் புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) பென்ஷன் வாங்கினவங்களை அவங்க பேரோடயே எழுதச் சொல்லியிருக்காங்க, குடும்பத் தலைவரா இல்லைன்னாலும். பென்ஷன்னா அமெரிக்க அரசாங்க ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல அதுக்கு ஒரு ஃபைல் இருக்கும், விதவை மனு போட்டிருந்தா சிலதுல வீட்டு பைபிள்லேந்து கிழிச்ச பக்கமே சேர்ந்திருக்கும், புள்ளைங்க பொறந்த தேதியோட.

கறுப்பினக் குடும்பத்தைத் தேடறவங்களுக்கு வேலை இன்னும் கஷ்டம். 1850, 1860-ல அடிமைங்களுக்குன்னு தனி ஏடு, அதுல முதலாளி பேர் இருக்கும், இவங்களுக்கு வயசும் ஆணா பொண்ணாங்கறதும் நிறமும்தான், அனேகமா பேரே இருக்காது. அடிமையா இருந்தவங்க எல்லாரையும் பேரோட எழுதின மொத சென்சஸ் 1870. அங்க முட்டிக்கிட்டு நின்னா, 1865-லேந்து 1874 வரைக்கும் விடுதலையான அடிமைங்களுக்காக நடந்த ஃப்ரீட்மென்ஸ் பேங்க் பதிவுகளைப் பாருங்க, சில கணக்குல அப்பா அம்மா பேர், பழைய முதலாளி பேர்லாம் இருக்கு.

வர்ஜீனியா குடும்பம்னா 1790 ஏடே மிச்சமில்லை, நியூஜெர்சி, டெலவேர், ஜார்ஜியாவும் அப்படித்தான். வர்ஜீனியாவுக்கு 1782-லேந்து வரிப் பட்டியல் இருக்கு, வருஷா வருஷம் போட்டது, சொல்லப்போனா சென்சஸைவிட அது மேல்.

எந்த கவுண்டில தேடி கிடைக்கலையோ அதையும் தேதி போட்டு நோட்ல எழுதி வைங்க, நான் ஒரே கவுண்டிய மூணு தடவை தேடியிருக்கேன்.