இருவர் குழுவின் முதல் எலெக்ட்ரானிக் ராக் ஆல்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் கிட்டார், இன்னொருவர் சிந்தசைசரும் (சுருக்கமாக சிந்த், மின்னணுவில் ஒலி உண்டாக்கும் கருவி) லேப்டாப்பும். நாலைந்து பேர் உள்ள குழுவில் "போதும், இதற்கு மேல் சேர்க்காதே" என்று சொல்ல யாராவது இருப்பார். இருவர் குழுவில் அந்த ஆள் இல்லை. முதல் ஆல்பம் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். டிராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி அடுக்கு) சேர்க்கக் காசா பணமா? எண்பதைத் தொட்டுவிடும். அப்புறம் மேடையில் முக்கால்வாசிப் பாட்டை லேப்டாப்தான் வாசிக்கும். ‘சூசைட்’ என்ற இருவர் குழுவின், 1977இல் வந்த முதல் ஆல்பத்தில் கிட்டாரே கிடையாது. கீபோர்டு, டிரம் மெஷின், குரல், அவ்வளவுதான்.

நெரிசல் அதிகம் இருப்பது அடி ஒலிகளில், அதாவது தாழ்ந்த அதிர்வெண்களில். கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கனம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். சிந்தில் வாசிக்கும் பேஸும் (தாழ்ந்த சுரங்களின் வரி) அங்கேயே வந்து உட்காரும். கிக் விழும்போது மட்டும் பேஸைத் தாழ்த்தும் சைட்செயின் கம்ப்ரஷன் உதவும். ஆனால் எது அடியில், எது அதற்கு மேலே என்பதைப் பாட்டு அமைக்கும்போதே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

ட்யூனிங்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மென்பொருள் சிந்தின் A சுரம் 440 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும். கிட்டார் கம்பி வாசிக்க வாசிக்க இறங்கும். அதில் அதே சுரம் 438க்கு வந்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். மிக்ஸிங்கில் (டிராக்குகளைக் கலந்து ஒன்றாக்கும் கட்டம்) இதோடு மல்லுக்கட்டுவதைவிட ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிவதற்கும்) முன் ட்யூனரைப் பார்ப்பது எளிது.

பதிவின்போது பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 1024 சாம்பிளில் (ஒலியின் நுண்துண்டு) விட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) காதுக்கு வரும் ஒலியில் 23 மில்லி விநாடி தாமதம் அங்கேயே வந்துவிடும். கிட்டாரிஸ்ட் தாளம் தவறுகிறார் என்று அவரைத் திட்டாதீர்கள். 128க்குக் குறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசிக் கட்டம்) சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுவதும் வீண். ஸ்பாட்டிஃபை அதைச் சுமார் −14 லுஃப்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கித்தான் ஒலிக்கவிடும். நசுங்கிய டிரம்ஸ்தான் மிஞ்சும்.

வெளியீட்டுத் தேதியை மாஸ்டர் (முடிந்த இறுதிப் பதிவு) கைக்கு வரும் முன்பே அறிவித்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு பிளேலிஸ்ட்டுகளுக்குப் பாட்டை வெளியீட்டுக்கு 7 நாள் முன்னதாவது அனுப்பச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், நாலு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பங்கு. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) ஒருவருடையது, பீட் (தாள அமைப்பு) இன்னொருவருடையது, பாட்டு யாருடையது? சதவீதத்தைப் பாட்டு முடிந்த அன்றே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிரிந்தால் குழுவின் பெயர் யாருக்கு என்பதையும் அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.