கசினோ விடுதியின் போட்டித்திறனைப் பேணுவது எப்படி? யாழ்ப்பாணச் சுற்றுலாத்துறையினருக்கான வழிகாட்டி

கசினோ விடுதியொன்றை நிர்வகிப்பவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தமது போட்டியாளர் யார் என்பதாகும். கொழும்பு விடுதியொன்றுக்குப் பக்கத்துத் தெருவிலுள்ள சூதாட்டக்கூடத்தை விட, சென்னையில் விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பம் கொழும்புக்குப் பதிலாகத் தெரிவுசெய்யக்கூடிய சிங்கப்பூரும் மலேசியாவின் கெந்திங் மலையுமே பெரும் போட்டியாளர்கள். பயணச் செலவு, விசா, பறப்பு நேரம், சராசரியாகத் தங்கும் இரவுகள் ஆகியவற்றை அவ்விடங்களோடு அருகருகே எழுதி ஒப்பிடுங்கள்.

சூதாட்ட மேசை எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே வேறுபாட்டை உண்டாக்குவது மேசைக்கு வெளியே இருப்பதே. சிங்கப்பூரில் 2010 இல் இரு விடுதிகள் திறக்கப்பட்டபோது, ஒவ்வொன்றிலும் சூதாட்டப் பரப்பு 15,000 சதுர மீற்றருக்குள் மட்டுப்படுத்தப்பட்டது. மாநாட்டு மண்டபங்களும் அருங்காட்சியகமும் கேளிக்கைப் பூங்காவுமே பிள்ளைகளோடு வருவோரை ஈர்த்தன. சூதாட்ட வருமானத்தில் 2006 இலேயே லாஸ் வேகாஸின் பிரதான வீதியை முந்திய சீனாவின் மக்காவுகூட, 2023 இல் தொடங்கிய புதிய உரிமங்களில் சூதாட்டம் சாராத முதலீட்டைக் கட்டாயமாக்கியது. எனவே அறை, உணவு, நிகழ்ச்சி, மாநாடு ஆகியவற்றின் வருமானத்தை மாதந்தோறும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மொத்த வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு தொடர்ந்து ஏறுமாயின், இலாபம் கூடியிருந்தாலும் அதனை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

உள்ளூர் மக்களைக் காப்பதும் போட்டித்திறனின் பகுதியே. சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தர வதிவாளர்களிடமும் அறவிடும் நாளாந்த நுழைவுக் கட்டணத்தை 2019 இல் 100 சிங்கப்பூர் டொலரிலிருந்து 150 டொலராக உயர்த்தியது. குடும்பத்தினரின் வேண்டுகோளின்பேரில் ஒருவரது நுழைவைத் தடைசெய்யவும் அங்கே வழியுண்டு. அயலாரின் குடும்பங்களைச் சிதைக்கும் விடுதிக்கு அரச ஆதரவு நெடுங்காலம் நிலைக்காது.

யாழ்ப்பாணத்துக்குக் கசினோ தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் கொழும்பு விடுதிக்கு வரும் இந்தியப் பயணி பலாலி விமான நிலையம் வழியாகச் சென்னை திரும்பலாம் என்பதால், அவரது பயணத்தின் இறுதி இரண்டு இரவுகளை நாம் கேட்டுப் பெறலாம். கோட்டை, நயினாதீவு, கீரிமலை ஆகியவற்றை இணைத்த திட்டத்தை விலையோடு எழுதிக் கொழும்பு விடுதிகளின் பயண முகவர்களிடம் கொடுங்கள். நயினாதீவுப் படகுச் சேவை கடலின் நிலையைப் பொறுத்தது என்பதையும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் அறைகள் கிடைப்பது அரிது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டு, அந்நாட்களுக்கான முன்பதிவை ஏனையவற்றிலிருந்து பிரித்து முன்கூட்டியே தொடங்குங்கள்.