எந்த நெடுஞ்சாலையைத் தனியாரிடம் விடலாம்? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு

பத்து சாலைகளை அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. எதை பிபிபி (அரசு-தனியார் கூட்டு) முறையில் தனியாரிடம் விடலாம், எதை அரசே ஒப்பந்தக்காரரை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்? சிவில் படிக்கும் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் இந்தக் கேள்வியைக் கண்டதும் திட்டச் செலவைத் தேடிப் போகிறார்கள். செலவு பெரிது, அரசிடம் பணம் இல்லை, அதனால் தனியார் என்று முடித்துவிடுகிறார்கள்.

அங்கே தொடங்கினால் தடம் மாறிவிடும். சாலைக்கான பணம் கடைசியில் இரண்டே இடத்திலிருந்துதான் வரும்: சுங்கச்சாவடியில் நிற்கிற வண்டிக்காரரின் பை, இல்லாவிட்டால் வரிப்பணம். தனியார் நிறுவனம் கொண்டுவருவது வங்கிக் கடனும், கணக்கு தப்பினால் நட்டத்தைத் தாங்கும் தோளும். எந்த நட்டத்தை யாரால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் சாலைகளைப் பிரிக்க வேண்டும். நம் தேசிய நெடுஞ்சாலைகளை வைத்தே செய்து பார்ப்போம். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: வண்டிகளை எண்ணுங்கள்

ஏழு நாள், நாளுக்கு 24 மணி நேரம் எண்ணுவதுதான் வழக்கம். பொங்கல், தீபாவளி வாரங்களில் எண்ணக் கூடாது. லாரி வேலைநிறுத்தம் நடக்கும்போதும் கூடாது. ஒருமுறை இப்படிப்பட்ட எண்ணிக்கையில் இரவு முறை உட்கார்ந்திருக்கிறேன். பகலில் கார்களும் பைக்குகளும் கண்ணை நிறைத்தன. சாலைக்குச் சோறு போடும் கனரக லாரிகளோ நள்ளிரவுக்கு மேல்தான் வரிசை கட்டின. பகலில் மட்டும் எண்ணியவன் அந்தச் சாலையைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

எண்ணியதை 'பிசியு' என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். ஒரு கார் 1, இருசக்கர வண்டி 0.5, சிறிய சரக்கு வண்டி 1.5, பேருந்தும் ஈரச்சு லாரியும் 3, பல அச்சு லாரி 4.5. நம் கற்பனைச் சாலையின் நீளம் 60 கி.மீ. தினமும் கார் 6,000, சிறிய சரக்கு வண்டி 1,000, பேருந்தும் லாரியும் 2,000, பல அச்சு லாரி 1,000, பைக் 5,000 ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 20,500 பிசியு. நான்கு வழிச் சாலை கேட்பதற்கு இது தாராளமாகப் போதும்.

படி 2: காசு கொடுக்கும் வண்டியை மட்டும் தனியே பிரியுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் இது. 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகளின்படி பைக், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி எதற்கும் தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் கிடையாது. நம் 20,500இல் பைக்குகளின் 2,500 பிசியு அப்படியே கழிந்துவிடும். மீதி 18,000. ஊர்களை ஒட்டி ஓடும் சாலைகளில் இந்தக் கழிவு இன்னும் பெரிதாக இருக்கும். நெரிசலைப் பார்த்தால் தங்கச் சுரங்கம் மாதிரி தெரியும், கல்லாவைத் திறந்தால் சில்லறைதான்.

விதிகள் வைத்த அடிப்படைக் கட்டணம் 2007-08 விலையில் காருக்கு கி.மீ.க்கு 65 காசு, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு. ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதமும் சேர்ந்துகொண்டே போகும். நம் கணக்குக்கு கார் 1.40, சிறிய சரக்கு வண்டி 2.20, லாரி 4.60, பல அச்சு லாரி 7 ரூபாய் என்று வைப்போம். முழு 60 கி.மீ.க்கும் ஒரு நாள் வசூல் ஏறத்தாழ 16 லட்சம், ஆண்டுக்கு 58 கோடிக்குச் சற்று மேல். மாதாந்திரப் பாஸ், திரும்பி வரும் பயணச் சலுகை, சாவடிக்கு முன்பே கிராமச் சாலையில் இறங்கிச் சுற்றிப் போகும் வண்டிகள் என்று 15 சதவீதம் கழித்தால் 50 கோடி நிற்கும்.

படி 3: வசூலையும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

கி.மீ.க்கு 15 கோடி என்றால் மொத்தச் செலவு 900 கோடி. அதில் 70 சதவீதம் கடன், 9 சதவீத வட்டி. 630 கோடிக்கு ஆண்டு வட்டி 57 கோடி. சாலை திறக்க மூன்று ஆண்டு ஆகும். போக்குவரத்தும் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால் அப்போது வசூல் 65 கோடி. பராமரிப்புக்கும் சாவடிச் செலவுக்கும் 14 கோடி போனால் 51 கோடி மீதம். வட்டிக்கே 6 கோடி துண்டு விழுகிறது. கட்டும் காலத்தில் ஏறும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

இந்தத் துண்டை அடைக்கத்தான் 'வயபிலிட்டி கேப்' மானியம். மத்திய அரசு 20 சதவீதம் வரை, திட்டத்தை நடத்தும் துறை இன்னொரு 20 சதவீதம் வரை தரலாம். முழுதாக 40 சதவீதம், அதாவது 360 கோடி தந்தால் தனியார் போட வேண்டியது 540 கோடி, கடன் 378 கோடி, வட்டி 34 கோடி. இப்போது 51இல் 34 போக, அசலைக் கட்ட 17 கோடி கிடைக்கிறது. ஓடிவிடும் போலத் தெரிகிறது, இல்லையா?

படி 4: எண்ணை ஆட்டிப் பாருங்கள்

போக்குவரத்தை 20 சதவீதம் குறையுங்கள். வசூல் 52, செலவு போக 38, வட்டி போக வெறும் 4 கோடி. பக்கத்தில் ஓர் ஆலை மூடினாலோ இணையாக இன்னொரு சாலை வந்தாலோ வங்கிக்காரர் கதவைத் தட்டுவார். ஆக நம் சாலை எல்லைக்கோட்டில் நிற்கிறது.

அரசின் மாதிரி ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குறித்த ஆண்டில் போக்குவரத்து இலக்கைவிட ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் நிறுவனம் வசூலிக்கும் குத்தகைக் காலம் 1.5 சதவீதம் நீளும், உச்சம் 20 சதவீதம். கூடினால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.75 சதவீதம் குறையும், உச்சம் 10. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நீட்டிப்பு இருபதாம் ஆண்டுக்குப் பிறகு வரும் பணம். மூன்றாம் ஆண்டின் தவணைக்கு அது உதவாது.

எண் மேல்நோக்கித் தப்பினாலும் சிக்கல்தான். 2008 ஜனவரியில் திறந்த டெல்லி-குர்கான் விரைவுச்சாலையை எடுத்த நிறுவனம் மானியம் கேட்கவில்லை, அரசுக்கே 61 கோடி தர முன்வந்து ஏலத்தை வென்றது. கணித்ததைவிட வண்டிகள் மிக அதிகமாக வந்து குவிந்தன. 32 தடங்கள் கொண்ட சிர்ஹவுல் சாவடியிலேயே வரிசை நகரவில்லை. கடைசியில் 2014இல் அந்தச் சாவடியையே எடுத்துவிட்டார்கள்.

படி 5: நிலமும் அனுமதியும் கையில் இருக்கிறதா?

கட்டுமானம் தொடங்கும் நாளில் ஏறத்தாழ 80 சதவீத நிலம் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ என்பது நிலத்தை எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு மட்டும். 3டி வந்தால்தான் நிலத்தின் உரிமை அரசுக்கு வரும், 3ஜியில் இழப்பீடு முடிவாகும். "அறிவிப்பு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எந்த அறிவிப்பு என்று திருப்பிக் கேளுங்கள்.

சென்னைத் துறைமுகம்-மதுரவாயல் உயர்மட்டச் சாலை நமக்குத் தெரிந்த பாடம். 2009இல் அடிக்கல் நாட்டி, தனியார் கட்டி வசூலிக்கும் முறையில் தொடங்கிய 19 கி.மீ. திட்டம். கூவத்தில் தூண் நிற்பது நீரோட்டத்தைத் தடுக்கும் என்று மாநில அரசு 2012இல் வேலையை நிறுத்தியது. பல ஆண்டு பாதி எழும்பிய தூண்களைப் பார்த்துக்கொண்டேதான் பேருந்தில் போனோம். 2022இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று.

வடக்கே கிஷன்கர்-உதய்ப்பூர்-அகமதாபாத் சாலை, 555 கி.மீ. 2011இல் ஜிஎம்ஆர் நிறுவனம் முதல் ஆண்டே அரசுக்கு 636 கோடி தருவதாகச் சொல்லி எடுத்தது. சுற்றுச்சூழல் அனுமதித் தாமதத்தைக் காரணம் காட்டி 2013 தொடக்கத்தில் விலகிக்கொண்டது. என் பார்வையில் இந்தப் படியில் தோற்ற சாலைக்கு மற்ற கணக்கெல்லாம் வீண். எந்த முறையும் வேண்டாம், ஓர் ஆண்டு தள்ளிவையுங்கள்.

படி 6: இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டிப் பார்த்தும் வசூல் வட்டியையும் அசலையும் தாங்கினால் பிஓடி (கட்டி, நடத்தி, ஒப்படைப்பது). கட்டுவதும் வசூலிப்பதும் நிறுவனம், போக்குவரத்துக் குறைவின் நட்டமும் அவர்களுக்கே. குறைந்த மானியம் கேட்பவருக்கோ அதிகப் பங்கு தருபவருக்கோ ஏலம்.

நம் சாலையைப் போல எல்லைக்கோட்டில் நின்றால் 'ஹாம்'. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த முறை இது. கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு தவணையாகத் தரும். மீதி 60 சதவீதத்தை 15 ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியோடு தரும். சுங்கம் அரசின் கைக்குப் போகும். வண்டி வராவிட்டால் நட்டம் வரிப்பணத்துக்கு, தாமதமாகவோ மட்டமாகவோ கட்டினால் நட்டம் நிறுவனத்துக்கு. டெல்லி-மீரட் விரைவுச்சாலையின் முதல் பகுதி இப்படி வந்ததுதான்.

காசு கட்டும் வண்டியே குறைவு, ஆனால் சாலை அவசியம் என்றால் இபிசி, அதாவது அரசே ஒப்பந்தக்காரரை வைத்துப் போட்டுக்கொள்வது. முழுச் செலவும் அரசுடையது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மலையோரச் சாலைகளும் எல்லைச் சாலைகளும் வேறெப்படி வரும்?

ஏற்கெனவே கட்டி, சில ஆண்டு வசூல் தெரிந்த சாலையாக இருந்தால் டிஓடி. மொத்தப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வசூல் உரிமையை விடுவது. 2018இல் முதல் தொகுப்பான 9 சாலைகளுக்கு, ஏறத்தாழ 680 கி.மீ.க்கு, மெக்குவாரி நிறுவனம் 9,681 கோடி கொடுத்தது. எண்ணிக்கை யூகமாக இல்லாமல் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது அதற்குத் துணை.

படி 7: காலத்தைப் படியுங்கள்

ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அது எப்போது முடியும், நடுவில் அகலப்படுத்தும் கடமை யாருக்கு என்ற மூன்றையும் தேடுங்கள். கோவையில் நீலாம்பூர்-மதுக்கரை புறவழிச்சாலை 1990களின் இறுதியில் இருவழிச் சாலையாகத் தனியார் முறையில் வந்தது. ஊர் அதைத் தாண்டி வளர்ந்த பிறகும் அகலப்படுத்த விடாமல் நீண்ட குத்தகை குறுக்கே நின்றது.

டெல்லி-நொய்டா டிஎன்டி பாலத்தின் ஒப்பந்தம் இன்னும் விசித்திரம். மொத்தச் செலவில் ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயம் உறுதி, வராத பாக்கி செலவோடு சேரும் என்று எழுதியிருந்தார்கள். செலவுக் கணக்கு வசூலைவிட வேகமாக வளர்ந்துகொண்டே போனது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த 20 சதவீதத்தை உங்கள் கால்குலேட்டரில் 900 கோடிக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டே 180 கோடி. நம் சாலையின் வசூலோ 65.